முதலில் குரல், அப்புறம் கூண்டு

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒற்றைப் பட்ஜி இருக்கிறதா? அதற்கு ஒரு துணை தேடிக் கொடுங்கள். ஆனால் வந்த அன்றே இரண்டையும் ஒரே கூண்டில் போட்டுவிடாதீர்கள். புதுசு ஒரு அறையில், பழசு ஒரு அறையில் என்று தொடங்கி, இரண்டும் ஒரே குச்சியில் தோள் உரச உட்காருகிற நாள் வரைக்கும் போகிற காலம் இருக்கிறதே, அதை அவசரப்பட்டு இழக்கலாமா? எங்கள் நங்கநல்லூர் வீட்டில் இத்தனை சந்தோஷமாக ஒரு பருவம் கழிந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்தக் குட்டிக் கிளிகளைத்தான் சொல்கிறேன். எடை 30, 40 கிராம்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு அவற்றின் சொந்த ஊர். மழை பெய்த இடம் தேடி, புல்விதை விளைந்த இடம் தேடி, ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறந்து திரிகிற ஜாதி. ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் 1840-ல் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு உலகத்தில் பட்ஜி போகாத ஊர் இல்லை. காட்டில் அவை பச்சையும் மஞ்சளும்தான். நீலம், வெள்ளை எல்லாம் மனிதர் கூண்டில் வளர்க்கத் தொடங்கிய பிறகு பெருகிய நிறங்கள்.

கூட்டத்தில் வாழப் பிறந்த பறவையைத் தனியாக வைத்தால் அது நம்மையே கூட்டமாக வரித்துக்கொள்ளும். எங்கள் பட்டாணி அப்படித்தான் இருந்தான். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், அலகுக்கு மேலே மூக்கு நல்ல நீலம். நான் சமையலறைக்குப் போனால் கூடத்திலிருந்து கூப்பிடுவான். ஒரு சீட்டி அடித்துப் பதில் சொன்னால் அடங்குவான். குக்கர் விசிலுக்குக்கூடப் பதில் சொல்லுவான். ஆனால் மகள் பள்ளிக்கும் நான் வேலைக்கும் போய், அம்மாவும் மதியம் கண்ணயர்ந்துவிட்டால் அவன் கூப்பிடுகிற கூப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விதான் நீலாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

பச்சைக்கிளியே ஒன்று வாங்கி விடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்து வளர்ப்பது எல்லாமே குற்றம். அது மரப்பொந்தில் பிறந்து வானத்தில் திரியட்டும். பட்ஜி கதை வேறு. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து மனிதரோடு பழகி வந்தது.

கொளத்தூரில் மொட்டை மாடியில் கூண்டு கட்டிப் பட்ஜி வளர்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் மாடியில்தான் நீலாவைப் பார்த்தேன். வெளிர் நீல மார்பு, வெள்ளை முகம், கன்னத்தில் ஊதாத் திட்டு. நெற்றி வரைக்கும் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன. அப்படிக் கோடு இருந்தால் இன்னும் முதல் இறகு உதிர்க்காத குஞ்சு, மூன்று நான்கு மாதம் தாண்டவில்லை என்று கணக்கு. மூக்குத் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தது, அது பெண்குஞ்சுக்கு அடையாளம். வளர்ந்த பிறகு அந்த இடம் பழுப்பாகிவிடும்.

“ஏம்மா, உங்க வீட்ல இருக்கிறது ஆணா, பெண்ணா?”

“ஆண்தாண்ணா. மூக்கு நல்ல நீலம்.”

“அப்ப கவலையே இல்ல. ஆணும் ஆணும் சேரும், ஆணும் பெண்ணும் சேரும். ரெண்டும் பெண்ணா இருந்தாத்தான் இடத்துக்கு அடிச்சுக்கும். இதையே எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, பானை மட்டும் வெச்சுடாதீங்க.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். கூண்டில் மண்பானையைக் கண்டால் பெண் பட்ஜிக்கு முட்டை வைக்கிற எண்ணம் வந்துவிடும், பானையைக் காக்கிற வேகமும் கூடவே வந்துவிடும். குஞ்சு பொரிக்க வைக்கிற எண்ணம் நமக்கு இல்லையென்றால் பானை எதற்கு? சண்டையில் பாதி பானையோடு வெளியே போய்விடுகிறது.

எடுத்துக் கொடுப்பதற்கு முன் அவர் நீலாவை ஒரு கையில் மல்லாத்திப் பிடித்து, அடிவயிற்று இறகை வாயால் ஊதி விலக்கிக் காட்டினார். ஈரம் இல்லை, எச்சம் ஒட்டவில்லை, தோல் சுத்தமாக இருந்தது. கண்ணில் நீர் இல்லை. அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்த மாதிரிப் பொரிப்பொரியாக எதுவும் இல்லை. இருந்தால் அது உண்ணியின் வேலை. வாங்கப் போகிறவர்கள் இத்தனையையும் நின்று நிதானமாகப் பாருங்கள். வளர்க்கிறவர் நல்லவராக இருந்தால் அவரே ஆசையோடு காட்டுவார்.

வீட்டுக்கு வந்ததும் நீலாவின் கூண்டு நேராக உள்ளறைக்குப் போனது. பட்டாணி கூடத்தில், கதவு நடுவில்.

“எதுக்குடி அந்தப் பச்சப்புள்ளயக் கொண்டுபோய்த் தனியா அடைச்சு வெக்கிற? பாவம்டி!” என்று அம்மாவுக்கு ஆறவில்லை.

பாவம் பார்த்துத்தான் தனியே வைத்தது. பட்ஜி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தானே பருந்து முதலில் குறிவைக்கும்? அதனால் உள்ளே என்ன இருந்தாலும் வெளியே துருதுருவென்று நடமாடும். சிட்டகோசிஸ் என்கிற பாக்டீரியா நோய் கிளிகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. உண்ணி, குடற்புழு என்று இன்னும் சில உண்டு. ஒரு மாதம் தனியறையில் இருந்தால் மறைந்திருப்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டால் மனசு இன்னும் லேசாகும். தினமும் காலையில் முதலில் பட்டாணிக்குத் தீனி, தண்ணீர். பிறகுதான் நீலாவுக்கு. கிண்ணங்கள் தனி. அவள் அறையிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அவனிடம் போவது. எச்சம் கரும்பச்சையும் வெள்ளையுமாகக் கட்டியாக இருக்கிறதா, பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்குகிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதில் அவளை உட்காரவைத்து எடை பார்ப்பது மகளுக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

தனியறை என்றால் தனிமை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் இந்தக் கதையின் தேன் இருக்கிறது. கதவு பார்வையைத்தான் மறைக்கும், குரலை மறைக்குமா? நீலா வந்த அன்று மாலை உள்ளறையிலிருந்து மெல்லியதாக ஒரே ஒரு ‘கீச்’. தினை கொறித்துக்கொண்டிருந்த பட்டாணி அப்படியே சிலையாகிவிட்டான். அலகில் பாதி உரித்த தினை உமியோடு நிற்கிறது. உடம்பு முழுக்க இறகை ஒட்ட இழுத்துக்கொண்டு ஒல்லியாகி, கழுத்தை நீட்டி, தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் சாய்த்தான். பிறகு, அடடா, அவனிடமிருந்து நான் அதுவரை கேட்டே இராத குரல் ஒன்று வந்தது! எனக்குச் சொல்கிற பதில் இல்லை அது, குக்கருக்குச் சொல்கிற பதிலும் இல்லை. பட்ஜி பட்ஜிக்குச் சொல்கிற பதில். உள்ளேயிருந்து மறுபடி ‘கீச்’. அன்றைக்கு டிவி போடவே இல்லை, மூன்று பேரும் உட்கார்ந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து கதவுக்கு இரண்டு பக்கமும் ஓயாத பேச்சு. முகம் பார்க்காமலே சிநேகிதம் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். என் தீர்மானமான எண்ணம் இது: இரண்டு பட்ஜிகளைச் சேர்ப்பதில் முக்கால் பங்கு வேலையைக் காதே முடித்துவிடுகிறது. கண்ணையும் அலகையும் அதற்கு முன்னால் நுழைய விடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நம் வேலை.

தனியறைக் காலம் முடிந்து, மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகு, இரண்டு கூண்டுகளையும் கூடத்துக்கே கொண்டுவந்து ஒரு முழ இடைவெளியில் வைத்தோம். கம்பிக்குள் கால் விரலை நீட்டிக் கடி வாங்காத தூரம். காலை வெளிச்சம் நன்றாக விழுகிற ஜன்னலோரம். அதற்கும் காரணம் உண்டு. பட்ஜியின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி தெரியும், தலையிலுள்ள மஞ்சள் இறகு அந்த ஒளியில் மின்னும். நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரிகிற பட்டாணியின் நெற்றி அவள் கண்ணுக்கு எப்படிச் சுடர்விடுமோ! அதைப் பகல் வெளிச்சத்தில் காட்டாமல் டியூப்லைட்டிலா காட்டுவது?

முதல் இரண்டு மூன்று நாள் இருவரும் அவரவர் கூண்டின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்கள். அவன் சாப்பிட்டால் அவள் சாப்பிடுவாள். அவள் இறகு கோதினால் அவனும் கோதுவான். “அம்மா, இங்க பாரேன், அவ கொட்டாவி விட்டா, இவனும் விடறான்!” என்று மகள் கத்தினாள். உண்மைதான். ஒரு பட்ஜியின் கொட்டாவி பக்கத்திலிருப்பதற்கும் தொற்றும் என்று 2015-ல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. மனிதருக்கு மனிதர் தொற்றுகிற கொட்டாவி இந்த 30 கிராம் உயிருக்கும் தொற்றுகிறது என்றால் எவ்வளவு அழகு!

அதன் பிறகு கூண்டுக்கு வெளியே சந்திப்பு. கூண்டு பட்டாணியின் வீடு, கூடம் யாருக்கும் சொந்தமில்லாத பொது இடம். அதனால் முதலில் அங்கேதான். மின்விசிறியை நிறுத்தியாயிற்றா, ஜன்னல் மூடித் திரை போட்டாயிற்றா, கண்ணாடி மேல் துணி போட்டாயிற்றா, சமையலறைக் கதவு சாத்தியாயிற்றா என்று ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லி, அப்புறம்தான் கூண்டுக் கதவைத் திறப்போம். நான்ஸ்டிக் சட்டி அதிகம் காய்ந்தால் வருகிற ஆவி பட்ஜியின் நுரையீரலுக்கு விஷம், நிமிஷத்தில் உயிர் போய்விடும். அதனால் பட்ஜி இருக்கிற வீட்டில் இரும்புக் கல்லே போதும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கொய்யாக்கிளையை நிறுத்தி, இரண்டு முனையிலும் தினைக்கதிரைக் கட்டினேன். தினைப்புனத்தில் நின்று கிளி ஓட்டியவள் வள்ளி, அதே தினையைக் கட்டித் தொங்கவிட்டுக் கிளியை வா வா என்று அழைக்கிறவள் நான்! கதிர் இரண்டு முனையில் இருப்பதுதான் சூட்சுமம். ஒன்று மட்டும் இருந்தால் போட்டி, இரண்டு இருந்தால் விருந்து. பட்டாணி ஒரு முனையில் இறங்கினான், நீலா மறுமுனையில். கொறித்துக்கொண்டே ஒரு அடி பக்கவாட்டில் நகர்வான், அவளும் ஒரு அடி. பட்ஜிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். கிளையைப் பிடித்துக்கொண்டு அவை பக்கவாட்டில் நடக்கிற நடையைக் கிட்டே குனிந்து பார்க்க வேண்டும்.

அவன் ரொம்பக் கிட்டே வந்ததும் நீலா இரண்டு இறக்கையையும் தோளோடு தூக்கி, அலகைத் திறந்து ஒரு சீறு சீறினாள். மூன்று மாதக் குஞ்சு, வீட்டுக்காரனைப் பார்த்து! பட்டாணி இரண்டடி பின்வாங்கித் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பாட ஆரம்பித்துவிட்டான். பெண் பட்ஜிகளுக்கு அதிகாரம் ஜாஸ்தி, ஆண்கள் விட்டுக்கொடுத்துப் போகிறவர்கள். இந்தச் சீறலைப் பார்த்துப் பயந்து பிரித்துவிடாதீர்கள். அலகோடு அலகு இடித்துக்கொள்வது, குச்சிக்காகத் தள்ளுமுள்ளு, ஒரு விரட்டு இதெல்லாம் பேச்சுவார்த்தையில் சேர்த்தி. ஒன்று மற்றதன் காலைக் கவ்வி விடாமல் இழுத்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, சாப்பிட விடாமல் துரத்திக்கொண்டே இருந்தாலோதான் பிரிக்க வேண்டும். அப்போதும் நடுவில் வெறுங்கையை விடாதீர்கள், ஒரு துண்டைப் போட்டு விலக்குங்கள். எங்கள் வீட்டில் துண்டுக்கு வேலையே வரவில்லை.

வேறு ஜாதிக் கிளி வைத்திருக்கிறவர்கள் மட்டும் இதில் கூடுதல் நிதானம் காட்ட வேண்டும். ஆப்பிரிக்க லவ்பேர்டின் அலகு பலமானது, பட்ஜியின் விரலைக் கடித்துக் காயப்படுத்திவிடும். அவற்றை வெளியில் பார்வையிலேயே பழகவிட்டு, கூண்டைக் கடைசிவரை தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஒரே கூண்டுக்குக் குடிபோன நாளை எங்கள் வீட்டில் கிரகப்பிரவேசம் என்றே சொல்கிறோம். பட்டாணியின் பழைய கூண்டில் அவளைக் கொண்டுபோய் விடவில்லை. உயரத்தைவிட நீளம் அதிகமான புதுக்கூண்டு வாங்கினோம். பட்ஜி ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே போகாது, குறுக்கேதான் பறக்கும். அதனால் இரண்டரை மூன்றடி நீளம் இருந்தால்தான் இரண்டு பேருக்கு இறக்கை விரிக்க இடம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. வழவழ பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துப்போட்டுவிட்டு, கொய்யாக் குச்சியும் வேப்பங்குச்சியும் கழுவிக் காயவைத்துப் பொருத்தினோம். ஒன்று பருமன், ஒன்று மெல்லிசு என்று மாறி மாறி இருந்தால் பாதத்துக்கு நல்லது. உச்சியில் மட்டும் ஒரே உயரத்தில் இரண்டு குச்சிகள். இரவில் எல்லாப் பட்ஜிக்கும் உச்சிக்குச்சிதான் வேண்டும், அதற்குத்தான் முதல் சண்டை வரும். தினைக்கிண்ணம் இரண்டு, தண்ணீர் இரண்டு, கொத்துவதற்குக் கடல்நுரை இரண்டு. இருவருக்குமே புது வீடு, யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. காலையிலேயே உள்ளே விட்டோம், பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் அல்லவா?

இரவில் கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடிவிட்டு, கூடத்தில் ஜீரோ வாட் பல்ப் ஒன்றைப் போட்டு வைத்தோம். இருட்டில் சுவரில் பல்லி ஓடினாலே போதும், பட்ஜி பதறி எழுந்து கம்பியில் மோதிக்கொள்ளும். கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் தன் குச்சி எங்கே என்று பார்த்துத் திரும்பி உட்காரும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் அவற்றுக்கு வேண்டும். அன்று இரவு துணிக்கு வெளியே காதை வைத்துக் கேட்டேன், கரகரவென்று ஒரு சத்தம். மேலலகையும் கீழலகையும் மெல்ல அரைத்துக்கொள்கிற ஓசை. பட்ஜிக்கு வயிறும் மனசும் நிறைந்து தூக்கம் வரும்போதுதான் அது வரும். இரண்டு குச்சியிலிருந்தும் வந்தது!

பகலில் இப்போது பார்க்க வேண்டும் அவர்களை. நீலா தலையைக் குனிந்து பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டுவாள். தன் அலகு தன் பிடரிக்கு எட்டாதே. புது இறகு முளைக்கும்போது அது மெழுகு போன்ற உறைக்குள் ஊசி மாதிரி நிற்கும், அரிக்கும். பட்டாணி வந்து அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக அலகு நுனியில் உருட்டி உறையை உடைப்பான். பொடியாக வெள்ளைத் தூள் உதிரும். அவள் கண் பாதி மூடியிருக்கும். இந்த உதவியை எந்த மனிதக் கையாலும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாது. ஒற்றைப் பட்ஜிக்கு ஒரு துணை ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் வாயால் சொல்வதே இல்லை, கூண்டுக்கு முன் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவேன்.

கொத்தமல்லிக் குளியலோ தனிக் கொண்டாட்டம். நன்றாகக் கழுவிய ஒரு கட்டு கொத்தமல்லியை நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் கூரையிலிருந்து தொங்கவிட்டால் போதும். நீலா முதலில் இலைக்குள் தலையை நுழைப்பாள், பிறகு தோள், பிறகு முழு உடம்பும். இலையோடு இலையாக உருண்டு புரண்டு நனைவாள். பட்டாணி இத்தனை நாள் தண்ணீர்க் கிண்ணத்தைக் குடிக்க மட்டுமே பயன்படுத்தி வந்தவன். அவளைப் பார்த்துவிட்டு அவனும் தாவினான். கீழே விரித்த செய்தித்தாள் தெப்பலாக நனைந்து, சுவரெல்லாம் நீர்த்துளி. “ரசத்துக்கு ஒரு கொத்தாவது விட்டு வைங்கடா!” என்று அம்மா சத்தம் போட்டுக்கொண்டே இன்னொரு கட்டை அலசி எடுத்து வருவாள்.

எல்லாவற்றுக்கும் மேலான அதிசயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பட்ஜிக்கும் கூட்டத்தாரைக் கூப்பிடுவதற்குத் தனக்கென்று ஒரு கூப்பு உண்டு. ஆணும் பெண்ணும் ஜோடி சேரும்போது ஆண் தன் கூப்பை விட்டுவிட்டுப் பெண்ணின் கூப்பைக் கற்றுக்கொள்கிறது என்று கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது. அதைப் படித்த நாளிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பட்டாணியின் பழைய கூப்பு நீளமாக ஒரே இழுப்பாக இருக்கும். நீலாவுடையது நடுவில் ஒரு தரம் உடைந்து மேலே ஏறும். ஒருநாள் நான் சமையலறையில் இருக்கும்போது கூடத்திலிருந்து அந்த உடைந்து ஏறுகிற கூப்பு வந்தது. நீலா என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவள் கடல்நுரையைக் கொத்திக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டவன் பட்டாணி! அவள் தலை தூக்கி அதே கூப்பில் பதில் சொன்னாள். இந்த வீட்டில் முதலில் இருந்தவன் அவன், பெரியவன் அவன். புதிதாய் வந்த சின்னவளின் கூப்பை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெங்காயம் நறுக்கவில்லை நான்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் கூப்பிட்டது என்று எங்கள் மூவருக்கும் சொல்லத் தெரியாது. மகள் தினமும் எங்களுக்குப் பரீட்சை வைக்கிறாள். என்னிடம் அவன் கொண்ட பிரியமும் குறையவில்லை. தினமும் மாலை தனியே வெளியே எடுத்து, தோளில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறேன், அவனும் காதோரம் ஏதேதோ சொல்கிறான்.

கொளத்தூர் அண்ணனுக்குப் போன் போட்டு இந்தக் கூப்புக் கதையைச் சொன்னேன். “இத்தன வருஷமா வளக்கறேன், நூறு பறவை நடுவுல இதைத் தனியாக் கேட்டதே இல்லியேம்மா!” என்றார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கேட்கப்போகிறாராம். வரட்டும், இரண்டு கட்டு கொத்தமல்லி கூடுதலாக வாங்கி வைக்கிறேன்.